சிடி தேயுமா?

எங்கள் பழுது பார்ப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் போன். அதில் ஏதோ ஒரு புது கேம் பெட்டியின் படம். "பாருங்கண்ணா, சிடி போடற வாயே இல்ல. எல்லாம் நெட்டுலயே வந்துடுதாம். நம்ம ஊருல கேம் பெட்டிய மொதல்ல பிரிச்சவரு நீங்கதான. அந்தக் காலத்தப் பத்தி ஜாலியா நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்.

ஜாலியாக எழுத என்னிடம் ஒன்றுமில்லை என்றேன். அதை அவர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். போகட்டும். என்னிடம் என்ன இருக்கிறதோ அதை எழுதுகிறேன். பிடிக்கவில்லை என்றால் அந்தப் பக்கத்தில் பட்டுக்கடை விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும், எனக்கு வருத்தமில்லை.

என் பெயர் தாமோதரன். பெரிய காஞ்சிபுரத்தில், பட்டுக்கடைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். ஐடிஐ படித்தது, சென்னையில் ஒருவரிடம் டிவி ரிப்பேர் கற்றது, அங்கே ஷாக் அடித்து ஒரு வாரம் கை தூக்க முடியாமல் கிடந்தது, எல்லாம் இரண்டு வரிக்கு மேல் பெறாது. கடையில் எனக்கு இரண்டு வேலை. முகூர்த்த மாதங்களில் முன்பக்கம் நின்று விற்பனை, மற்ற நாட்களில் பின்பக்கம் சர்வீஸ் அறை. விற்றவனே ரிப்பேரும் பார்ப்பான் என்பதில் வாடிக்கையாளருக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு வாய்த்த வினையும் அதில்தான்.

சர்வீஸ் அறை தலைமை மெக்கானிக் மாசிலாமணி சாருடையது. முதலாளி கூட அங்கே வந்தால் செருப்பை வெளியே விடுவார். சார் குரல் உயர்த்தி ஒருவரைத் திட்டி நான் கேட்டதில்லை. ஒரு மெஷினைப் பிரிப்பதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார், துடைக்க மாட்டார், தானாக உலரவிடுவார். ஒரு வெள்ளைத் தாளில் அந்த மெஷினின் வடிவத்தை பென்சிலால் வரைவார். கழற்றுகிற ஒவ்வொரு திருகையும் அது எங்கே இருந்ததோ தாளில் அதே இடத்தில் வைத்து டேப் ஒட்டுவார். மூடும்போது ஒரு திருகு மிஞ்சினால் மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பார். அவசரப்படுகிற வாடிக்கையாளரிடம் "நீங்க போய் கோயிலுக்குப் போயிட்டு வாங்க" என்பார். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமா என்ன.

அவருடைய சட்டங்கள் சில உண்டு. சிடியைத் துடைத்தால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். சுற்றித் துடைக்கவே கூடாது. நேர்க்கோட்டுக் கீறலை மெஷின் தாண்டிப் போய்விடும், வட்டமாகக் கீறினால் தடத்தோடு போய் மாட்டிக்கொள்ளும். பிரித்த மெஷினில் வாடிக்கையாளரின் சிடியைப் போடக் கூடாது. அதற்கென்று 'சோதனை' என்று மார்க்கரில் எழுதிய பழைய சிடி ஒன்று மேஜை டிராயரில் இருக்கும். வாடிக்கையாளரைச் சர்வீஸ் அறைக்குள் உட்கார வைக்கக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. அதில் நான்கு கட்டம்: குறை, காரணம், செய்த வேலை, கையெழுத்து. 'காரணம்' கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டார்.

சிடி என்பதை எனக்கு அவர் விளக்கியது இரண்டே நிமிஷத்தில். அவரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். "தறி மேல தொங்கற ஜக்கார்டு அட்டைய பாத்திருக்கல்ல. ஓட்டை இருக்கிற எடத்துல ஊசி உள்ள போவுது, இல்லாத எடத்துல நிக்குது. அதுல மாங்கா வருது, மயில் வருது. இதுவும் அவ்ளோதான்பா. ஊசிக்குப் பதிலா வெளிச்சம். ஊசி பட்டுப் பட்டு அட்டை கிழியும். வெளிச்சம் சிடிய தொடாது. தொடாத பொருள் தேயாது" என்றார். இதை நான் நன்றாகப் புரிந்துகொண்டேன் என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி கேம் பெட்டிக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்ததெல்லாம் கேசட் போடும் பெட்டி. கையகல பிளாஸ்டிக் கேசட்டைச் செருகினால் குதிக்கிற பொம்மை, சுடுகிற பொம்மை. ஓடவில்லை என்றால் கேசட்டைப் பிடுங்கி வாயால் ஊதுவார்கள், எச்சில் பட்டுத் துரு ஏறும், எங்களிடம் வரும். உறுதியான சாமான்தான். ஆனால் புது ஆட்டம் வேண்டும் என்றால் புதுக் கேசட் வாங்க வேண்டும், அதன் விலையைக் கேட்டால் அப்பன்மார் கடையை விட்டு இறங்கிவிடுவார்கள்.

பிறகு சிடி போடும் சாம்பல் நிறப் பெட்டி வந்தது. சிடியை நகல் எடுப்பது சுலபம், ஆட்டம் ஏராளமாகக் கிடைத்தது. அதற்கு மேல் ஒரு விஷயம். அதன் பின்பக்கம் ஒரு கார்டைச் செருகினால் விசிடியில் சினிமா பார்க்கலாம். இந்தச் செய்தி தறித் தெருக்களில் பரவிய வேகத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். அதுவரை கேம் பெட்டி என்பது பிள்ளையைக் கெடுக்கிற பொருள். சினிமா ஓடும் என்றதும் குடும்பத்துக்கு உபயோகமான பொருளாகிவிட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கருப்புப் பெட்டி. அது டிவிடி போடும், கார்டு கீர்டு எதுவும் வேண்டாம். அப்போது தனி டிவிடி பிளேயரே விலை அதிகம். கொஞ்சம் மேலே போட்டால் ஆட்டமும் உண்டு. அதே சமயத்தில் இன்னொரு கம்பெனி, உள்ளங்கை அளவு சின்ன சிடி போடும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. ஆட்டம் அதில் பிரமாதம், கட்டுமானமும் கெட்டி. கீழே போட்டாலும் ஒன்றும் ஆகாது. முதலாளி ஆசைப்பட்டு சென்னையிலிருந்து ஆறு பெட்டி எடுத்து வந்து கண்ணாடி அலமாரியில் அடுக்கினார். பிள்ளைகள் அதன் எதிரே நின்று அழுவார்கள். அம்மாக்கள் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: "இதுல படம் பாக்கலாமா?" பார்க்க முடியாது. அவ்வளவுதான், பிள்ளையின் கையைப் பிடித்துத் திருப்பிவிடுவார்கள். ஆறில் ஒன்று விற்றது, அதுவும் திரும்பி வந்தது. எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்பதை ஜப்பானில் என்ஜினீயர் முடிவு செய்யவில்லை, பட்டு எடுக்க வந்த இடத்தில் எங்கள் கடைக்கும் தலையை நீட்டிய அம்மாக்கள் முடிவு செய்தார்கள்.

அந்தக் கேள்வியை வைத்து நான் நன்றாகப் பிழைத்தேன். "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்று சொல்லியே கருப்புப் பெட்டியை விற்பேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஆட்டம் ஆடுகிற பிள்ளை ஒரு மணி நேரம் ஆடிவிட்டு எழுந்துபோகும். சினிமா அப்படியில்லை. மேட்னி, ஈவ்னிங் என்று வீடே கொட்டகை ஆகிவிடும். உள்ளே இருக்கிற லென்ஸ் பாவம், விற்கக் காரணமான சினிமாவாலேயே சீக்கிரம் மங்கிப்போகும். ஆட்டம் ஓடும், கடையில் வாங்கிய படமும் ஓடும், ஆனால் வீடியோக்காரர் எழுதிக் கொடுக்கிற சிடி ஓடாது. அப்படி எழுதிய சிடியில் வெளிச்சம் மங்கலாகத்தான் திரும்பும், கண் மங்கிய லென்ஸ் முதலில் அதைத்தான் விடும். இந்த ஊரில் எழுதிய சிடி என்றால் கல்யாண சிடி.

ஏகாம்பரம் அண்ணன் டிவிடி பிளேயர் வாங்கத்தான் வந்தார். தறி நெய்கிறவர், நிதானமான மனுஷன். மகள் சுமதிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இப்போதெல்லாம் கல்யாண வீடியோவை சிடியில் தருகிறார்களாம், அதைப் போட ஒரு மெஷின் வேண்டும் என்றார். கூட வந்த மகன் கருப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் என் மாங்காய்க் கதையைச் சொன்னேன். அவர் மனைவி விசாலம் அக்கா, "கல்யாண சிடி ஓடுமா? நிச்சயமா ஓடுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். நான் எனக்குத் தெரிந்த ஒரு கல்யாண சிடியைப் போட்டே காட்டினேன். வாங்கிக்கொண்டு போனார்கள்.

சுமதியின் கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷம் முதல் பிரசவத்தில் அந்தப் பெண் போய்விட்டாள். குழந்தை பிழைத்தது, பெண் குழந்தை. தாத்தா வீட்டில்தான் வளர்ந்தது. மாப்பிள்ளைக்கு ஆறு மாதத்தில் வேறு கல்யாணம் ஆனது. புதுப்பெண் வருவதற்கு முன்னால் பழைய கல்யாண சிடியை அந்த வீட்டில் உடைத்துப் போட்டார்கள் என்று கேள்வி. வீடியோக்காரர் அந்த டேப்பின் மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்துவிட்டார், அந்தக் காலத்தில் எல்லா வீடியோக்காரரும் செய்வதுதான். ஆக, சுமதி நடந்ததும் சிரித்ததும் பேசியதும் உலகத்தில் ஒரே ஒரு சிடியில், ஏகாம்பரம் அண்ணன் வீட்டுச் சிடியில் இருந்தது.

வைகாசி கருட சேவை நாள். ஊரே தெருவில் நின்றது, பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தம். மாசிலாமணி சார் கூரம் கிராமத்தில் ஒரு சாவுக்குப் போய்விட்டார். கடையில் நான் மட்டும். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏகாம்பரம் அண்ணன் வந்தார், தோளில் பையில் மெஷின், கையில் மஞ்சள் துணியில் சுற்றிய சிடி. ஒரு வாரமாகக் கல்யாண சிடி ஓடவில்லை, சினிமா சிடி மட்டும் ஓடுகிறது என்றார்.

"நாளைக்கு அவளுக்கு வருஷ திதி தம்பி. பாப்பாவுக்கும் ஒரு வயசு ஆயிடுச்சு. சொந்தக்காரங்கல்லாம் வராங்க. போட்டுக் காட்டணும். எப்டியாவது ஓட வச்சிக் குடு" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். எதிர்பார்த்ததுதான், லென்ஸ் மங்கிவிட்டது. புது லென்ஸ் சென்னையிலிருந்து வர வேண்டும், இரண்டு நாள் ஆகும். அதைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். இன்னொரு வழியும் இருந்தது. கடைக் கம்ப்யூட்டரில் அந்த சிடியைப் போட்டு ஒரு நகல் எடுத்திருக்கலாம். அதை ஓட வைக்க யாரிடமாவது ஒரு பிளேயரை இரவல் வாங்கியிருக்கலாம். அரைமணி நேர வேலை. ஏன் செய்யவில்லை என்று கேட்டால் கௌரவம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் விற்ற மெஷின், நிச்சயமாக ஓடும் என்று நான் சத்தியம் செய்த மெஷின், அதிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். மாசிலாமணி சார் இல்லாத நாளில் தனியாக ஒரு கேஸை முடித்துக் காட்டும் ஆசையும் இருந்தது.

அந்த மெஷினில் லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பல்சக்கரம் இருக்கும். அதைத் திருப்பினால் லென்ஸ் சிடியை நோக்கி மேலே ஏறும். மங்கிய கண்ணுக்குப் புத்தகத்தைக் கிட்டே கொண்டுபோவது மாதிரி. இதற்கும் சாரின் முறை உண்டு. முதலில் சக்கரம் இருந்த இடத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒரு பல் திருப்ப வேண்டும். சோதனை சிடியைப் போட்டு ஐந்து நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். சிடியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் அடுத்த பல். ஏனென்றால் லென்ஸ் அதிகம் ஏறினால், சுற்றுகிற சிடியை உரசும்.

நான் புள்ளி வைக்கவில்லை. நாலு பல் ஒரேயடியாகத் திருப்பினேன். ஏகாம்பரம் அண்ணனை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்தேன். சோதனை சிடி டிராயரில்தான் இருந்தது. மஞ்சள் துணியைப் பிரித்து அவருடைய சிடியைப் போட்டேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், எனக்கு இருந்த அவசரம் பாராட்டு வாங்கும் அவசரம்.

படம் வந்தது. மணையில் சுமதி உட்கார்ந்திருந்தாள், யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்தாள், நெற்றிச்சுட்டியைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். ஏகாம்பரம் அண்ணன் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றுவிட்டார். மெஷினுக்குள் சர்ரென்று ஒரு சத்தம். வெளியே வேட்டுச் சத்தமும் நாதஸ்வரமும், அதில் இதை நான் ஒரு விநாடி தாமதமாகத்தான் கேட்டேன். கை போவதற்குள் படம் நின்றது. கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு திரை கருப்பு.

சிடியை எடுத்தேன். அடிப்பக்கம், உள்வட்டத்தில், காம்பஸ் வைத்துப் போட்டது போல ஒரு வளையம். சிடியில் எது எங்கே இருக்கிறது என்று மெஷின் முதலில் படிப்பது உள்வட்டத்தில்தான். அது போனால் மீதி முழுவதும் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இன்னா ஆச்சு என்று அவர் கேட்டார். நான் வளையத்தைப் பார்த்துக்கொண்டே, "இத எத்தினி தடவ போட்டுப் பாத்தீங்க?" என்று கேட்டேன். இந்தக் கேள்வி என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். திட்டமிட்டு வரவில்லை. ஆனால் வந்த பிறகு அதைப் பிடித்துக்கொண்டேன்.

"தெனமும்தான்பா. விசாலம் காலைல ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி போடுவா. பாப்பாவ மடில வச்சிக்கினு, அம்மா பாரு அம்மா பாருன்னு காட்டிக்கினு இருப்பா" என்றார்.

"அதான். தேஞ்சிடுச்சு" என்றேன்.

சிடியைக் கையில் வாங்கி அந்த வளையத்தைப் பார்த்தார். தேய்ந்த மாதிரியேதான் இருந்தது. "அப்ப நாங்களேதான் தேச்சிட்டமா" என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கிறேன் என்று சொல்லி சிடியைச் சாயங்காலம் வரை வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் போட்டேன், சும்மா சுற்றியது. பித்தளை மினுக்குகிற பாலிஷைத் தடவித் தேய்த்தேன். வளையம் போகவில்லை, சுற்றிலும் புகை படிந்த மாதிரி ஆனது. மெஷினை லென்ஸ் வரும்வரை இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டு, சிடியை மட்டும் அதே மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அட்டையில் 'காரணம்' கட்டத்தில் 'சிடி தேய்மானம்' என்று எழுதினேன்.

இரண்டாம் நாள் மாசிலாமணி சார் வந்தார். அட்டையைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சிடி தேயுமாப்பா?"

அவர் மெஷினைத் திறந்து வெள்ளைச் சக்கரத்தைப் பார்த்தார். மார்க் இல்லை. எத்தனை பல் என்று கேட்டார். நாலு என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். 'சிடி தேய்மானம்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே 'மெக்கானிக் தவறு' என்று எழுதினார். கையெழுத்துக் கட்டத்தைக் காலியாக விட்டார். "போய் சொல்லிட்டு வா. நீ சொன்னப்புறம் கையெழுத்து போடறேன்" என்றார்.

போனேன். சத்தியமாகச் சொல்லும் எண்ணத்தோடுதான் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தை மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வீட்டில் திதிக்கு வந்த ஆட்கள் நாலைந்து பேர் இன்னும் இருந்தார்கள். தறி ஓடவில்லை. விசாலம் அக்கா டிவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார், மடியில் குழந்தை, அது அணைந்திருந்த டிவியைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தது. ஏகாம்பரம் அண்ணன் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"வா தம்பி. நீயே சொல்லு இவகிட்ட. ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி மூணு வாட்டி போட்டு போட்டு தேச்சிட்டா. நான் சொன்னா, அது எப்டி தேயும்ங்கிறா. நீ சொல்லு" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணில் கோபமில்லை. மெக்கானிக்குக்குத் தெரியும், இல்லை என்று சொல்லிவிடுவான் என்ற ஒரு எதிர்பார்ப்புத்தான் இருந்தது.

"ஆமாங்கா, தேயும்" என்றேன்.

அக்கா குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு எழுந்தார். கொடியில் கிடந்த ஒரு பழைய துண்டை எடுத்து டிவியின் மேல் போட்டு மூடினார். யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நான் வந்துவிட்டேன். பயம்தான் காரணம். நாலு ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் அடி விழும் என்ற பயம், வேலை போகும் என்ற பயம், இந்த ஊரில் தலைகாட்ட முடியாது என்ற பயம். அவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஒன்றும் பெரிசாக இல்லை.

சாரிடம் வந்து, சொல்லிவிட்டேன் என்றேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். புது லென்ஸை அவரே பொருத்தினார். மெஷினை வாங்கிப்போக யாரும் வரவில்லை. வருஷக்கணக்கில் அது ராக்கின் மேல்தட்டில் அட்டையோடு இருந்தது. அட்டையைப் பார்க்கும்போதெல்லாம், உண்மையைக் கேட்ட மனுஷன் கோபத்தில் ஒரு தடவையாவது கடைக்கு வந்திருப்பானே என்று சாருக்குத் தோன்றியிருக்காதா? தோன்றியிருக்கும். அதற்கப்புறம் அவர் எனக்குப் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓய்வு பெற்று மூன்றாம் வருஷம் காலமானார்.

பிறகும் பெட்டிகள் வந்தன. நீல வெளிச்சத்தில் படிக்கிற சிடி வந்தபோது மறுபடி அதே கதை. கம்பெனிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, எந்த சிடியில் சினிமா வரும் என்று அடித்துக்கொண்டன. சினிமா எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்த சிடி நின்றது, அதை உள்ளே வைத்திருந்த பெட்டியும் சேர்ந்து கரையேறியது. எனக்கு அதில் ஆர்வம் போய்விட்டிருந்தது. விற்பனைக்கு முன்பக்கம் நிற்கச் சொன்னால், படம் பார்க்கலாமா என்று கேட்கிறவரிடம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்வேன். மாங்காய்க் கதையை மறுபடி சொன்னதில்லை.

போன மாதம் சுகர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஓர் அம்மா, "தாமு தம்பிதான?" என்றார். விசாலம் அக்கா. தலை முழுக்க வெளுத்துவிட்டது. ஏகாம்பரம் அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகிறதாம். பேத்தி படித்து முடித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் வேலை செய்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். சுமதி மாதிரியே இருப்பாளாம்.

இடுப்பிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய போனை எடுத்தார். "உன்ன பாத்ததும் நல்லதாப் போச்சு தம்பி. ஒண்ணு கேக்கணும். பாப்பா இதுல வீடியோ அனுப்புது. ஆயா எப்டி இருக்க, சாப்ட்டியான்னு பேசி அனுப்புது. நான் வாரத்துக்கு ஒரு வாட்டிதான் போட்டுப் பாக்கறேன். ஒரு வீடியோவ எத்தினி வாட்டி போட்டா தேஞ்சிபோவும்?"

நான் மாத்திரைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன். போன் வீடியோ தேயாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றேன். அவர் சந்தோஷப்படவில்லை.

"அப்ப சிடி மட்டும் தேயுமா?"

தேயாது என்றேன். நாலு பல்லைச் சொன்னேன், வைக்காத புள்ளியைச் சொன்னேன், அவர் வீட்டுக்கே வந்தும் உண்மையைச் சொல்லாமல் போனதைச் சொன்னேன். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை. இத்தனை வருஷம் சுமந்தது இரண்டு நிமிஷத்துக்குத்தான் வந்தது. அவர் அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. போனை விரலால் தடவிக்கொண்டே பேசினார்.

"நான் டிவி போட்டா எழுந்து வெளிய போயிடுவாரு. பாப்பாவ தூக்கிக் கொஞ்சினா கூட, இதையும் தேச்சிடாதடின்னுவாரு. ஆஸ்பத்திரில கெடந்தப்ப கூட, நீதான்டி என் பொண்ண தேச்சிட்டன்னாரு." என் பக்கம் திரும்பினார். "அவரு இருக்கும்போது சொல்லியிருக்கலாமே தம்பி."

அக்கா போனைத் திறந்து பேத்தியின் வீடியோவைப் போட்டார். ஆயா, சாப்ட்டியா என்று அந்தப் பெண் கேட்டாள். முடிந்ததும் மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார். கவுன்ட்டரில் அவருடைய நம்பரைக் கூப்பிட்டார்கள், இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை, நாலாவது தடவை போட்டுக்கொண்டிருந்தார்.